பழைய எச்.பி.எல்.சி.யின் இணைப்புகளைப் பிரித்துப் போட்ட கதை

சேதராப்பட்டில் ஒரு சின்ன மாத்திரைக் கம்பெனி. அதன் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருப்பது ஒரே ஒரு எச்.பி.எல்.சி., அதாவது கரைசலில் கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி. பம்ப் ஒரு கம்பெனியுடையது, டிடெக்டர் வேறொரு கம்பெனியுடையது, நடுவில் சாம்பிளைச் செலுத்த, கையால் திருப்பும் ரியோடைன் கம்பெனி இன்ஜெக்டர். செகண்ட் ஹேண்டில் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தது. பாண்டியிலிருந்து கடலூர் சிப்காட் வரை நான் போய்வரும் சின்ன ஆய்வகங்களில் இந்த மாதிரிக் கூட்டுக் குடும்பக் கருவிகள் நிறைய உண்டு. ஒழுங்காகப் பராமரித்தால் நன்றாகவே ஓடும்.

புகார் இதுதான். பாராசிட்டமாலும் கஃபைனும் சேர்ந்த மாத்திரையைப் பரிசோதிக்கும்போது பீக்கின், அதாவது ஒவ்வொரு மருந்தும் வெளியே வரும்போது வரைபடத்தில் எழும் மேட்டின், வால் நீண்டுகொண்டே போகிறது. வாலின் அளவைச் சொல்லும் எண் டெய்லிங். முதலில் வரும் பாராசிட்டமாலுக்கு அது 2.3. பின்னால் வரும் கஃபைனுக்கு 1.6. அவர்களுடைய முறையில் எழுதியிருக்கும் வரம்பு 2.0. பிரிக்கும் திறனைச் சொல்லும் தியரிட்டிக்கல் பிளேட் எண்ணிக்கை 2,000-க்கும் கீழே.

“காலம் போயிடுச்சு சார். புதுசுக்கு இண்டென்ட் போட்டாச்சு” என்றார் அங்கே வேலை பார்க்கும் பெண். ‘காலம்’ என்று அவர் சொன்னது ஆங்கில column-ஐ, அதாவது மருந்துகளைப் பிரிக்கும் பிரிப்புக் குழாயை: 150 மில்லிமீட்டர் நீளம், 4.6 மில்லிமீட்டர் உள்விட்டம், உள்ளே 5 மைக்ரான் சி-18 சிலிக்காத் துகள்.

“வேற ஒண்ணு மாட்டிப் பார்த்தீங்களாம்மா?”

“பார்த்தோம் சார். பீரோவுல இருந்த இன்னொண்ணு. அதிகம் ஓடாதது. அதுலயும் இதே மாதிரிதான்.”

இதைக் கேட்டதும் இண்டென்டை, அதாவது வாங்கக் கேட்டு எழுதிய சீட்டை, நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு குழாயும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி கெட்டுப்போக வாய்ப்பு குறைவு. அதைவிட முக்கியமான தடயம், முதல் பீக் இரண்டாவதைவிட மோசமாக இருப்பது. சிலிக்காவில் மிச்சமிருக்கும் சைலனால் தொகுதிகளால் வால் வந்தால் அது பெரும்பாலும் காரத்தன்மை உள்ள மருந்துகளைத்தான் பிடிக்கும். பாராசிட்டமாலை அது இப்படிப் பாடுபடுத்தாது. எல்லா பீக்கும் கெட்டு, அதிலும் சீக்கிரம் வருவது அதிகமாகக் கெட்டிருந்தால், குற்றவாளி பெரும்பாலும் பிரிப்புக் குழாய்க்கு வெளியே, ஏதோ ஒரு நட்டுக்குள் ஒளிந்திருக்கும்.

காரணம் எளிமையானது. சீக்கிரம் வரும் பீக் ஒல்லியானது. நல்ல நிலையில் இந்தப் பாராசிட்டமால் பீக்கின் மொத்த அகலமே 110, 120 மைக்ரோலிட்டர் கரைசல்தான். தாமதமாக வருவது பிரிப்புக் குழாய்க்குள்ளேயே பரந்து விரிந்துவிடுகிறது. வழியில் எங்காவது ஒரு வெற்றிடம், அதாவது கரைசல் தேங்கும் வேண்டாத இடைவெளி, சில மைக்ரோலிட்டரைக் கலக்கிவிட்டால் பருமனானவருக்கு அது பெரிதாகத் தெரியாது, ஒல்லியானவருக்குத் தெரியும்.

இணைப்புகளில் எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் வேலை பாதியாகும். பம்ப்பிலிருந்து இன்ஜெக்டர் வரை எவ்வளவு வெற்றிடம் இருந்தாலும் பீக் கெடாது, அங்கே இன்னும் மருந்தே இல்லை. கிரேடியன்ட் ஓட்டினால், அதாவது ஓட ஓடக் கரைப்பான் கலவையை மாற்றினால், அந்த மாற்றம் வந்து சேர்வது தாமதமாகும், அவ்வளவுதான். டிடெக்டருக்குப் பிறகு கழிவு பாட்டிலுக்குப் போகும் குழாயும் பீக் வடிவத்தைத் தொடாது. ஆக, இன்ஜெக்டரில் தொடங்கி டிடெக்டருக்குள் கரைசலை அளக்கும் சின்ன அறையான ஃப்ளோ செல் வரைக்கும் உள்ள அந்த ஒரு முழத்தில்தான் உயிர் இருக்கிறது. கசிவு வேறு விஷயம், அதற்கு எல்லா இடத்தையும் பார்த்தாக வேண்டும்.

கையில் எடுத்துப் போனவை: கால் இன்ச் ஸ்பேனர், 5/16 இன்ச் ஸ்பேனர், பிளாஸ்டிக் குழாய் வெட்டும் கட்டர், வெர்னியர், நகை பார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் உருப்பெருக்கி. கடைசியாகச் சொன்னது காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கியது. இந்தத் தொழிலுக்கு அதைவிட உபயோகமான பொருளை நான் பார்த்ததில்லை. அப்புறம் டீக்கடையிலும் மளிகைக் கடையிலும் தருகிற பில் காகிதம் கொஞ்சம். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

பிரிப்பதற்கு முன் கருவியைக் கழுவ வேண்டும். மொபைல் ஃபேஸில், அதாவது பம்ப் தள்ளும் கரைப்பான் கலவையில், பாஸ்பேட் பஃபர் என்கிற உப்புக் கரைசல் இருந்தது. அதன் மேல் நேராக மெத்தனாலை விட்டால் உப்பு உள்ளேயே படிந்து அடைத்துக்கொள்ளும். முதலில் 90 பங்கு நீர், 10 பங்கு மெத்தனால். அரை மணி நேரம் அது ஓடிய பிறகுதான் மெத்தனாலைக் கூட்டலாம். பம்ப்பை நிறுத்தி, அழுத்தம் பூஜ்யத்துக்கு வந்ததை டிஸ்பிளேயில் பார்த்துவிட்டு ஸ்பேனரைத் தொட்டேன். பம்ப் வெளியேறும் இடத்து நட்டைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது. சொட்டுச் சொட்டாக விழாமல் மெல்லக் கசிந்து, ஏ.சி. காற்றில் உலர்ந்து, பஃபர் உப்பு மட்டும் மிஞ்சிய அடையாளம். கண்ணுக்குத் தெரியும் கசிவில் இது ஒரு நல்ல வகை. பஃபரே இல்லாத அசிட்டோநைட்ரைல் கசிந்தால் இந்தத் தடயம்கூட மிஞ்சாது.

அந்த நட்டைக் கழற்றியபோது மரையில் ஏதோ நூல் நூலாக வந்தது. பார்த்தால் டெஃப்லான் டேப்! வீட்டுக் குழாய்க்கு பிளம்பர் சுற்றுகிற அதே வெள்ளை டேப். பக்கத்தில் நின்ற உதவியாள் தம்பி சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டான். யார் சுற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இது பல ஆய்வகங்களில் பார்க்கிற சங்கதி என்பதால் எழுதி வைக்கிறேன். எச்.பி.எல்.சி. இணைப்பில் மரை அடைப்பதில்லை. மரையின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டும். அடைப்பது ஃபெரூல் என்கிற கூம்பு. அது எதிரே உள்ள கூம்புக் குழியில் உட்கார்ந்து, அதே சமயம் குழாயையும் கவ்விக்கொள்கிறது. மரையில் டேப் சுற்றினால் ஃபெரூல் சரியாக உட்காராது, பிய்ந்த நார் உள்ளே போய் எங்காவது அடைக்கும். ஊசியால் ஒவ்வொரு இழையாக எடுத்து, ஐசோபுரொப்பனாலில் நனைத்த துணியால் துடைத்து, புதிய ஃபெரூல் போட்டேன். அந்த இடத்துக் கதை அத்தோடு முடிந்தது.

சரி, இனி முக்கியமான ஒரு முழம்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. அதனால் கண்ணை உறுத்தியதை முதலில் எடுத்தேன். பிரிப்புக் குழாயிலிருந்து டிடெக்டருக்கு ஒரு ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் குழாய் வளைந்து வளைந்து போயிருந்தது. நீளம் 60 சென்டிமீட்டர். பி.இ.இ.கே. எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் குழாய்களில் நிறம்தான் உள்விட்டத்தைச் சொல்லும்: சிவப்பு 0.13 மில்லிமீட்டர், மஞ்சள் 0.18, நீலம் 0.25, ஆரஞ்சு 0.5, பச்சை 0.75. வெளிவிட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றே, 1/16 இன்ச். அதனால் எந்த நிறமும் எந்த நட்டுக்குள்ளும் நுழைந்துவிடும். பிரச்சினையே அங்கேதான். ஆரஞ்சு கழிவுப் பக்கத்துக்கு ஏற்ற குழாய். பழையது உடைந்த அவசரத்தில் கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். கசியவில்லை, அழுத்தமும் ஏறவில்லை, ஆகவே யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

கணக்குப் போட்டால் திடுக்கென்றிருக்கும். 0.5 மில்லிமீட்டர் விட்டத்தில் 60 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 118 மைக்ரோலிட்டர். பாராசிட்டமால் பீக் முழுவதுமே அந்தக் குழாய்க்குள் அடங்கிவிடும்! உள்ளே நடுவில் போகும் திரவம் வேகமாகவும் சுவரை ஒட்டியது மெதுவாகவும் போகும் என்பதால், பிரிப்புக் குழாய் கஷ்டப்பட்டுப் பிரித்துத் தந்ததை இந்தக் குழாய் மறுபடி கலக்கிக்கொண்டிருந்தது. அதே இடத்தில் மஞ்சள் குழாய் 30 சென்டிமீட்டர் போட்டால் 7.6 மைக்ரோலிட்டர்தான். குறுகலான குழாய்க்கு அழுத்தம் ஏறுமே என்று மேனேஜர் கேட்டார். நியாயமான கேள்வி. அழுத்தம் விட்டத்தின் நாலாம் அடுக்குக்கு எதிர்விகிதம், விட்டம் பாதியானால் அழுத்தம் 16 மடங்கு. ஆனால் நிமிடத்துக்கு 1 மில்லி ஓட்டத்தில், மெத்தனால்–நீர் கலவைக்கு, 30 சென்டிமீட்டர் மஞ்சள் குழாய் தருவது சுமார் 3 பார். மொத்தமாக 150 பாரில் ஓடும் கருவிக்கு இது பொருட்டே இல்லை. சிவப்புக்கு இன்னும் இறங்கலாம். ஆனால் வடிகட்டாத பஃபர் ஊற்றுகிற இடத்தில் சிவப்பு அடிக்கடி அடைத்துக்கொள்ளும், எனவே மஞ்சளோடு நிறுத்திக்கொண்டேன்.

நிறத்தை நம்பும்போது ஓர் எச்சரிக்கை. இது பிளாஸ்டிக் குழாய்க்கான நிறப் பட்டியல். அஜிலென்ட் கருவிகளின் ஸ்டீல் குழாயில் பச்சை அடையாளம் என்றால் 0.17 மில்லிமீட்டர், சிவப்பு என்றால் 0.12. ஆக, ஒருவர் பச்சை என்று போனில் சொன்னால் எந்தப் பச்சை என்று கேட்காமல் பார்சல் போடச் சொல்லக் கூடாது. நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

மஞ்சள் குழாயை வெட்டுவதில் அவசரம் கூடாது. பிளேடால் மேசையில் வைத்து அழுத்தினால் முனை சாய்ந்து வெட்டுப்படும், துளையும் நசுங்கும். சாய்ந்த முனை குழியின் அடியில் முழுதாக உட்காராது. ஒரு பக்கம் தொடும், மறுபக்கம் முக்கோணமாக வெற்றிடம் நிற்கும். துளைக்குள் குழாயைச் செருகி வெட்டும் கட்டர் இருந்தால் சரியாக 90 டிகிரியில் வரும். வெட்டியதும் உருப்பெருக்கியில் பார்த்தேன். துளை வட்டமாக நடுவில், பிசிறு இல்லாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு 5 மில்லிமீட்டரை வெட்டி எறிவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பிறகு நட், ஃபெரூல், கூம்பின் கூர்முனை குழிப் பக்கம். குழாயை அடிவரை தள்ளி, தள்ளிய கையை எடுக்காமலேயே மறு கையால் விரல் இறுக்கம். இந்த நட்டுக்கு ஸ்பேனர் தேவையில்லை, போட்டால் தலை முறுகும்.

ஓட்டிப் பார்த்ததில் பிளேட் எண்ணிக்கை நன்றாக ஏறியது. பீக் ஒல்லியானது. ஆனால் வால் இன்னும் 1.8-இல் நின்றது. அந்தப் பெண்ணுக்கு அதுவே போதும், வரம்புக்குள் வந்துவிட்டது. எனக்குப் போதவில்லை. பாராசிட்டமாலுக்கு 1.8 என்பது எங்கோ ஒரு குழி இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இன்ஜெக்டரிலிருந்து பிரிப்புக் குழாய்க்கு வரும் ஸ்டீல் குழாயைக் கழற்றி, ஃபெரூலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை வெர்னியரில் அளந்தேன். 2 மில்லிமீட்டர். அவர்கள் இப்போது மாட்டியிருக்கும் பிரிப்புக் குழாயின் வாய்க்கு வேண்டியது 3.3. பீரோவில் இருந்து எடுத்து மாட்டிய இரண்டாவதும் அதே வகை வாய், அதனால்தான் அதிலும் அதே வால்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 1/16 இன்ச் இணைப்புகள் எல்லாம் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும், பெரும்பாலானவற்றுக்கு மரையும் ஒன்றுதான். ஆனால் ஃபெரூலைத் தாண்டி உள்ளே எவ்வளவு நீளக் குழாய் போக வேண்டும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். வால்கோ வகைக்கு 2.0 மில்லிமீட்டர், பார்க்கர் வகைக்கு 2.3, வாட்டர்ஸ் வகைக்கு 3.3, ரியோடைன் இன்ஜெக்டருக்கு 4.3. ஸ்டீல் ஃபெரூலை ஒரு தடவை ஸ்பேனரால் இறுக்கியதும் அது குழாயைக் கவ்வி நிரந்தரமாக நின்றுவிடும், அப்புறம் நகராது. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி, அது அந்த ஒரு வாய்க்குத்தான் பொருந்தும். நீட்டம் தேவையைவிட அதிகமாக இருந்தால் முனை அடியில் முட்டிக்கொண்டு ஃபெரூல் குழியைத் தொடாது, கசியும். கசிந்தால் யாராவது கவனிப்பார்கள். நீட்டம் குறைந்தால் ஃபெரூல் அழகாக அடைத்துக்கொள்ளும், ஒரு சொட்டுகூட வெளியே வராது, உள்ளே மட்டும் குழி இருக்கும். ஆய்வகங்களில் வருஷக்கணக்கில் தப்பித்து உட்கார்ந்திருப்பது இந்த இரண்டாவது வகைதான்.

இங்கே 1.3 மில்லிமீட்டர் குறைவு. குழியின் விட்டம் 1.6 மில்லிமீட்டர் என்று வைத்தால் வெற்றிடம் 2.6 மைக்ரோலிட்டர். கேட்க ஒன்றுமே இல்லை என்று தோன்றும், சற்று முன் எடுத்த 118-உடன் ஒப்பிட்டால் தூசு. ஆனால் அளவைவிட வடிவம் மோசம். மெல்லிய துளையில் வந்த கரைசல் திடீரென்று அகலக் குழியில் விழுகிறது. நடுவில் வந்தது நேரே போய்விடும், மூலையில் ஒதுங்கியது சுழன்று சுழன்று நிதானமாக வெளியேறும். அந்த நிதானம்தான் பேப்பரில் வாலாக விழுகிறது.

முழு ஸ்டீல் குழாயையும் மாற்றினேன். முனையை வெட்டி அதையே மறுபடி பயன்படுத்தவும் முடியும்: அரத்தால் சுற்றிக் கோடு போட்டு, வழுவழுப்பான வாய் உள்ள இரண்டு இடுக்கிகளால் இரு பக்கமும் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல வளைத்தால் முறியும். பிறகு முனையைச் சமமாக அராவி, துளையின் விளிம்புப் பிசிறை எடுத்து, பம்ப்பில் மாட்டி ஒரு பீக்கரில் கரைப்பானை ஓடவிட்டு இரும்புத் துகளைக் கழுவ வேண்டும். கழுவாமல் மாட்டினால் துகள் நேராகப் பிரிப்புக் குழாயின் வாய்ச் சல்லடையில் போய் உட்காரும். வயர் கட்டிங் பிளேயரால் நறுக்குவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள், துளை மூடிக்கொள்ளும். தொழிற்சாலையிலேயே வெட்டி மெருகேற்றி வரும் 0.17 மில்லிமீட்டர் குழாய்த் துண்டுகள் கிடைக்கும்போது அராவிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. சென்னையிலிருந்து கூரியரில் வரவழைத்து வைத்திருந்ததில் 10 சென்டிமீட்டர் துண்டு ஒன்று சரியாக இருந்தது.

மாட்டும் விதம்: நட்டையும் ஃபெரூலையும் குழாயில் கோத்து, எந்த வாயில் இருக்கப்போகிறதோ அந்த வாயிலேயே வைத்து, குழாயை அடிவரை தள்ளிப் பிடித்து, விரலால் முடிந்தவரை இறுக்கி, அதற்கு மேல் ஸ்பேனரால் முக்கால் சுற்று. ஒரு ஸ்பேனர் பிரிப்புக் குழாயின் தலையைப் பிடிக்க, மற்றொன்று நட்டைத் திருப்ப. அடுத்த முறை கழற்றி மாட்டும்போது விரலிறுக்கத்துக்கு மேல் கால் சுற்று போதும். கசிந்தால் இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று போகக் கூடாது. கழற்றி, துடைத்து, உருப்பெருக்கியில் பார்த்து, மறுபடி உட்கார வைக்க வேண்டும். இன்ஜெக்டர் பக்க முனைக்கும் இதே வேலை, ஆனால் அங்கேயே வைத்து, அந்த வாய்க்கே உரிய ஆழத்தில்.

இனி பில் காகிதம். அது தெர்மல் காகிதம், மெத்தனால் பட்டதும் கறுத்துவிடும். மொபைல் ஃபேஸில் மெத்தனால் பங்கைக் கூட்டி வைத்து, கருவி அழுத்தத்தில் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் இடுக்கிலும் ஒரு சின்னக் கீற்றை வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஈரம்கூட கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். எந்தக் கடை பில்லும் ஆகும். அன்று நான் எடுத்துப் போனது காலையில் இட்லி சாப்பிட்ட பில்.

எல்லா இடத்திலும் காகிதம் வெளுப்பாகவே இருந்தது, இன்ஜெக்டரின் ஊசி நுழையும் வாயைத் தவிர. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பாராசிட்டமாலின் வால் 1.2-க்கு வந்தது, கஃபைன் 1.1. பிளேட் 7,000-ஐ ஒட்டி. அந்தப் பெண் பழைய குரோமட்டோகிராமை, அதாவது பீக் வரைபடத்தை, பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது நம்ம மெஷினா சார்?” என்றார். பீரோவில் இருந்த இரண்டாவது பிரிப்புக் குழாயையும் மாட்டிப் பார்த்தோம், அதுவும் நன்றாகவே இருந்தது. இண்டென்ட் ரத்து.

கிளம்புவதற்கு முன் அவர்களுடைய உதிரி டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். பழைய நட், பழைய ஃபெரூல், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத வெட்டுத் துண்டுகள். இந்த டப்பா எல்லா ஆய்வகத்திலும் இருக்கிறது, பாதித் தொல்லை இதிலிருந்துதான் பிறக்கிறது. ஸ்டீல் ஃபெரூல் கவ்விய துண்டுகளை எல்லாம் எடுத்து எறியச் சொன்னேன். தம்பிக்கு மனசு வரவில்லை, “நல்லாத்தானே இருக்கு சார்” என்றான். நல்லாத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. மிச்சத்துக்கு ஒரு வழி செய்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு குழாயிலும் ஒரு சீட்டு: உள்விட்டம், நீளம், எந்த வாய்க்கு உரியது. அடிக்கடி பிரிப்புக் குழாய் மாற்றுகிற இடமாக இருந்தால், ஸ்பிரிங் வைத்து ஆழத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் விரலிறுக்க நட் ஒன்றை வாங்கிவிடலாம். விலை அதிகம், ஆனால் ஒரே ஒரு வாய்க்கு வாங்கினால் போதும்.

பிளாஸ்டிக் குழாய்களுக்கு ஒரு தடை உத்தரவும் எழுதி ஒட்டினேன். டெட்ராஹைட்ரோஃபியூரான், டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம் ஓட்டும் நாளில் பி.இ.இ.கே. வேண்டாம், ஊறி உப்பிப் பலம் போய்விடும். அடர்ந்த கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் அதற்கு ஆகாது. அழுத்தமும் 350 பாருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் நல்லது. ஸ்டீலுக்கு வேறு கவலை. குளோரைடு உள்ள பஃபரை இரவெல்லாம் நிறுத்தி வைத்தால் அரிக்கும். சாயங்காலம் நீரால் கழுவிவிட்டு மெத்தனால் கலவையில் நிறுத்திவிட்டுப் போகச் சொன்னேன்.

இன்னொன்று, பம்ப்புக்கு முன்னால் பாட்டிலிலிருந்து வரும் 1/8 இன்ச் குழாயின் இணைப்பு. அங்கே கசிந்தால் வெளியே சொட்டாது, பம்ப் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அழுத்தம் தாளம் தப்பி ஆடினால் முதலில் அந்த நட்டைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். இவர்களுடையது சற்றுத் தளர்ந்திருந்தது, விரலால் இறுக்கியதும் சரியானது. ஓட்டத்தையும் சரிபார்த்தோம்: 10 மில்லி வால்யூமெட்ரிக் ஃபிளாஸ்க், நிமிடத்துக்கு 1 மில்லி, 10 நிமிடத்தில் கோட்டைத் தொட்டது.

இன்ஜெக்டர் மட்டும் பாக்கி. ஊசி வாயில் வைத்த காகிதம் கறுத்ததால் பிரித்துப் பார்த்தேன், உள்ளே சுழன்று வழியை மாற்றும் ரோட்டர் சீலில் மெல்லிய கீறல். வடிகட்டாத சாம்பிளில் இருந்த துகள் இழுத்த கோடு. இப்போதைக்கு பீக்கைக் கெடுக்கவில்லை, ஆனால் சாம்பிள் செலுத்தும் ஒவ்வொரு முறையும் பீக்கின் பரப்பளவு மாறி ஆடத் தொடங்கும். சீலுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. அது வரும்வரை சாம்பிளை 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, இன்ஜெக்டரில் சாம்பிளைப் பிடித்துவைக்கும் 20 மைக்ரோலிட்டர் லூப்பை நிரப்ப 100 மைக்ரோலிட்டராவது தள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.